ஊர்க்கூடம் – 17: கைகூப்பி வந்த பதில்

அம்பகரத்தூரில் இந்த வாரம் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். வெள்ளிக்கிழமை ஊர்க்கூடம் திறப்பு.

அது எந்தக் கூடம் என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. பாரீஸில் இருக்கும் முத்தையன் கட்டி, பல வருடம் பூட்டிக் கிடந்த மாடிவீடு அது. "சும்மாதானே கிடக்கு, ஊருக்கு ஏதாச்சும் பண்ணுங்கண்ணே" என்று தம்பி எப்போதோ ஒரு தடவை சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் அண்ணன் தெட்சிணாமூர்த்தி. இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் என்று கேட்டு வாங்கினார். நெல் அளந்த மரக்கால், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் சட்டைப் பித்தான், முதன்முதலில் ஊருக்கு வந்த தையல் மிஷின் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. கொடுக்கிறவரே வந்து தன் கையால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்த மனிதர். அவர் விதி போட்டால் அதில் மாற்றம் கிடையாது.

போன வாரம் ஒப்பாரிப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பாட வேண்டிய இடத்தில், அதில் ஒருத்தியான மாரிக்கண்ணு காய்ச்சலில் படுத்துவிட்டாள். "ஒத்தையில எப்படிப் பாடுறது?" என்று விழிதியூர் காசியம்மா, தெட்சிணாமூர்த்தியின் மனைவி தையல்நாயகியின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நாற்பது வருடத்தில் ஒரு தாலாட்டைக்கூடச் சத்தமாகப் பாடாத தையல்நாயகி ஒப்பாரிக்கு உட்கார்ந்ததே அதிசயம் என்று வெளியே நின்ற எல்லோரும் சிரித்தோம். என்ன பாடினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பதிவுக் கருவியைப் போட்டுவிட்டு, கரண்ட் வேலைக்காரர் கூப்பிடுகிறார் என்று மகள் தாமரைச்செல்வியும் வெளியே போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு அதைக் கேட்க நேரம் கிடைத்தது.

தாமரைச்செல்வி காரைக்காலில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அப்பாவின் ஆசைக்காக உழைக்கிறாள். ஊர்க்கூடத்து மாடியில் சின்ன அறையில் லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கீழே அப்பா யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் காசியம்மாவின் குரல்.

"இந்தா பாருங்க, முன்னாடியே சொல்லிப்புடுறேன். சும்மானாச்சுக்கு ஒப்பாரி வைக்கப்படாது. அவங்கவங்க வீட்டுல போய்ச் சேந்தவங்களை நெனச்சுதான் பாடணும். உசுரோட இருக்கறவங்க பேரு வாயில வந்துரக் கூடாது. வந்துச்சுன்னா அவங்க ஆயுசுக்கு ஆகாது."

தாமரை சிரித்துக்கொண்டாள். இதையும் வெட்டாமல் வைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். காசியம்மா தன் அம்மாவை நினைத்துப் பாடினாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு செருமல். அம்மா.

தாத்தாவைப் பாடப்போகிறாள் என்று தாமரை நினைத்தாள். தையல்நாயகியின் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

கப்பலும் ஏறலியே – என் ராசா
காத்துல போனவரே
கரை தாண்டிப் போனாலும் – என்
கையால சோறுண்டவரே

பன்னண்டு வயசுல
பசின்னு வந்தவரே
பாரீசுத் தீயிலயா – உங்க
பால்முகம் வெந்ததுவோ

தாமரையின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது.

அண்ணன் அறியலியே – உங்க
ஆவிபோன சேதியத்தான்
அண்ணி நான் ஒருத்தி – அத
அடிவயித்துல கட்டினனே

பாட்டு அங்கே உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு அழுகைதான். காசியம்மாவும் சேர்ந்து அழுதாள். யாருக்கான அழுகை என்று அந்த வெளியூர்க்காரிக்குத் தெரிந்திருக்காது.

தாமரை திரும்பவும் போட்டுக் கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். எத்தனை முறை கேட்டாலும் அதே பாட்டுதான். அம்மாவை அண்ணி என்று கூப்பிட பாரீஸில் இருப்பது ஒருவர்தான். பன்னிரண்டு வயதில், அம்மா கல்யாணமாகி வந்தபோது, புகுந்த வீட்டில் இருந்த பையனும் ஒருவர்தான். முத்தையன் சித்தப்பா.

அம்மா ஏதோ தடுமாறிப் பாடிவிட்டாள் என்று முதலில் தன்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தாள். முடியவில்லை. வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று யாராவது சொல்லிவிட்டால், திருப்பிக் கூப்பிட்டு 'வர்றேன்' என்று சொல்லவைத்து அனுப்புகிறவள் அம்மா. உயிரோடு இருக்கிற கொழுந்தனை அவள் தீயில் வைத்துப் பாட மாட்டாள்.

அப்போது தாமரைக்குச் சித்திரை மாதம் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு பைபாஸ் நடந்த வாரம். தாமரை வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, "வீட்டுல காமாட்சி விளக்கு ஏத்தாத. நான் வந்து ஏத்திக்கிறேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, திரி சரியில்லை என்றாள். பத்து நாளுக்கு மேல் அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

திரி சரியில்லையாம். தாமரை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

* * *

கொல்லைப்பக்கத்தில் தையல்நாயகி புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டிய விளக்கு. 'திறந்து வைத்து விளக்கேற்றுபவர்: திரு. முத்தையன், பாரீஸ்' என்று பத்திரிகையில் அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

"அம்மா, சித்தப்பா எப்போ செத்தாங்க?"

சுற்றி வளைக்கத் தாமரைக்குத் தெரியவில்லை. நேராகக் கேட்டுவிட்டாள்.

தையல்நாயகி நிமிரவில்லை. தேய்த்த கை மட்டும் நின்றது.

"கேட்டுட்டியா?"

"அம்மா!"

"மெதுவா பேசுடி. அவரு முன்னாடிதான் இருக்காரு."

தாமரை அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'ஐயோ, அப்படியெல்லாம் இல்லடி' என்று அம்மா சொல்லுவாள் என்று மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"அப்பாவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுட்டுப் போனாங்கள்ல, அன்னிக்கு மத்தியானம் இனியா போன் பண்ணுச்சு. வேலைக்குப் போற ரயில்லயே, உக்காந்தபடியே போயிட்டாராம். பக்கத்துல இருந்தவங்க தூங்குறாருன்னு நெனச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒருத்தருக்கு டாக்டர் பக்கத்துல இருந்தாங்க. ஒருத்தருக்கு இல்ல."

இனியா முத்தையனின் ஒரே மகள். இருபத்துநான்கு வயது. அம்மா போன பிறகு அப்பா மட்டும்தான் அவளுக்கு. அந்த அப்பாவும் போன செய்தியை, ஊரில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"நான் என்னடி பண்ணுவேன்? உள்ள நெஞ்சைப் பொளந்து வச்சிருக்காங்க. அதிர்ச்சியா எதையும் சொல்லாதீங்கன்னு அந்த நர்ஸம்மா நூறு தடவை சொல்லுது. ஆஸ்பத்திரிக் கொழாயிலயே தலை முழுவினேன். என்ன ஈரத் தலையோட நிக்கிறேன்னு நீயே கேட்ட. வெக்கையா இருந்துச்சுன்னேன்."

கேட்டது தாமரைக்கு ஞாபகம் இருந்தது. துண்டு எடுத்துக் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது.

"நாலு மாசம்மா! அப்பா நல்லாத்தானே நடமாடுறாங்க? ஏன் சொல்லல?"

"ஒரு மாசம் போகட்டும்னு பாத்தேன். அப்புறம் ஆடி வந்துச்சு. ஒவ்வொரு நாளும் தள்ளத் தள்ள, சொல்றது இன்னும் கஷ்டமாத்தான் போச்சு. ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அப்போ அப்பா போனுக்கு வர்ற பதில்?"

கேட்கும்போதே தாமரைக்குத் தெரிந்துவிட்டது.

முத்தையன் எழுதுகிற ஆள் இல்லை. இராத்திரி வேலை, பகலில் தூக்கம், போன் அடித்தால் எடுக்க மாட்டார். அண்ணன் வாட்ஸ்அப்பில் அரைப்பக்கம் எழுதினால், தம்பியிடமிருந்து கும்பிடுகிற இரண்டு கைகள் மட்டும் பதிலாக வரும். பல வருடமாக அப்படித்தான். 'பேச மாட்டான், கும்பிடுதான் போடுவான்' என்று தெட்சிணாமூர்த்தி போனை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுவார்.

இந்த நாலு மாதமும் அந்தக் கும்பிடு வந்துகொண்டுதான் இருந்தது.

"இனியாதான். நான்தான் கெஞ்சினேன். அதுக்குத் தமிழ் படிக்க வராது. பெரியப்பா என்ன எழுதுனாலும் கையெடுத்துக் கும்புடுற படத்தைப் போட்டுடும்மான்னேன். 'வெள்ளிக்கிழமை வந்து நீதான் விளக்கேத்தணும்'னு இவரு எழுதியிருக்காரு. அதுவும் கும்பிடு போட்டுடுச்சு. சரின்னுட்டான்னு இவரு பத்திரிகை அடிச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு நிலை மனிதர்களுக்கு வரும். தாமரைக்கு அப்போது கோபம்தான் வந்தது. அம்மா மேல், அந்தப் பெண் மேல், ஒரு கும்பிடைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிய அப்பா மேல்.

"இப்ப சொன்னா, கேட்ட நாள்லேந்து தீட்டு. தொறப்பு நின்னுடும். வெள்ளிக்கிழமை முடியட்டும், சனிக்கிழமை காலையில சொல்லிடலாம்னு இருந்தேன். அன்னிக்கு அந்தக் காசியம்மா கையைப் புடிச்சு இழுத்துட்டா. யாரை நெனச்சு அழுவேன்? அவருக்குன்னு நான் ஒரு சொட்டு அழுவலியே தாமர. என் கையால வளந்த புள்ள. வாயத் தொறந்தேன், அதுவா வந்துடுச்சு."

தையல்நாயகி புளிக்கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். தாமரையின் கோபம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

"தையலு! தையலு!"

முன்பக்கத்திலிருந்து தெட்சிணாமூர்த்தியின் குரல். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வேகமாக வேறு நடந்து வந்தார்.

"இனியா போன் பண்ணுச்சு! காலையில மெட்ராஸ்ல எறங்கி கார் புடிச்சிட்டாங்களாம். கடலூர் தாண்டியாச்சாம்! என்னா தைரியம் பாரேன், ஒரு வார்த்தை சொல்லாம வந்து எறங்குறானுங்க. அவங்கிட்ட குடுன்னேன், லைன் கட்டாயிடுச்சு. ரெண்டு மணிக்குள்ள வந்துடுவான். இறால் வாங்கிட்டு வரச் சொல்லு, மண்டபத்தூர்லேந்து வந்திருக்கும்."

தையல்நாயகி கீழே விழப்போனாள். தாமரை பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, கையும் ஓடல காலும் ஓடல உங்கம்மாவுக்கு" என்று அப்பா சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

* * *

அப்பாவின் போனை வாங்கி, வந்த நம்பருக்கே தாமரை கூப்பிட்டாள். டிரைவர் எடுத்தார்.

"எத்தனை பேருங்க வர்றீங்க?"

"ஒரு ஆளுதாங்க. பொண்ணு. பின் சீட்டுல தூங்குது. மடியில ஒரு பெட்டி வச்சிருக்கு. டிக்கில வைக்கிறேன்னேன், குடுக்க மாட்டேனுட்டுது."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அஸ்திடி. அங்கயே எரிச்ச எடத்துல வச்சிருக்காங்க, பெரியப்பா தேறின பெறவு சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்னுச்சு. நான் சொல்லலியே. நான் எதுவும் சொல்லலியே!"

தாமரை இனியாவை எழுப்பச் சொன்னாள்.

"அக்கா." தூக்கமும் அழுகையும் கலந்த குரல். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித்தான் தமிழ் பேசுவாள். "பெரியப்பா இன்விடேஷன் அனுப்பினாங்க. அப்பா பேர் மட்டும் எனக்குப் படிக்க வரும். அப்பா பேர் பெருசா இருந்துச்சு. அதுக்கும் நான் கும்பிடு போடணுமா அக்கா? என்னால முடியல. நாலு மாசமா நான் எங்க அப்பாவா இருக்கேன். எனக்கு அழணும் அக்கா. எனக்கு யாரும் இல்ல அங்க."

தாமரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வா இனியா. நீ வா. ஆனா நீ சொல்லிடாத. நீ வர்றதுக்குள்ள நாங்க அப்பாகிட்ட சொல்லிடுறோம்."

"நான் வரும்போது பெரியப்பாக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"தெரிஞ்சிருக்கும்."

இந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுத்தான் தாமரை அன்று முழுக்கத் தவித்தாள்.

மணி பதினொன்று. அப்பாவைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இவ்வளவு நாள் மறைச்சிருக்க வேண்டியதில்லைம்மா. சாப்பிடவச்சு, மாத்திரை குடுத்து, உக்காரவச்சு, வீட்டு ஆளுங்களே பக்கத்துல இருந்து நிதானமா சொல்லுங்க. திடுதிப்புன்னு வேற யார் மூலமாவும் தெரியக் கூடாது" என்றார்.

சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது.

"அப்பா, சாப்பிட வாங்க. மாத்திரை போடணும்."

"இப்பவா? அவன் வரட்டும். சேந்து சாப்புடுவோம். பதினோரு வருஷமாச்சு அவன்கூட ஒரே எலவரிசையில உக்காந்து."

"ரெண்டு இட்லியாவது..."

"ஒரு நாள் லேட்டானா ஒண்ணும் செத்துட மாட்டேன், போ."

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு தடவை போனாள். இந்த முறை சொல்லியே விடுவது என்ற முடிவோடு போனாள். தெட்சிணாமூர்த்தி கூடத்தின் நடுவில், கடைசிக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாப் பெட்டியும் நிறைந்திருக்க, அது ஒன்று மட்டும் காலி.

"அப்பா, ஒரு நிமிஷம் உக்காருங்களேன். சித்தப்பாவைப் பத்தி..."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இஞ்ச வா, பாரு."

பெட்டியின் முன்னால் ஒரு அட்டை. அப்பாவின் பழைய எழுத்தர் கையெழுத்து, கோடு போட்டாற்போல. 'கொடுத்தவர்: முத்தையன், பாரீஸ். பொருள்:' என்று எழுதி, அதற்குப் பிறகு இடம் விட்டிருந்தது.

"ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரு சட்டம், என் தம்பிக்கு ஒரு சட்டமா? நீயும் ஏதாச்சும் ஒண்ணு கொண்டாந்து உன் கையால வைக்கணும்டான்னு எழுதினேன். கும்பிடு போட்டிருக்கான். என்ன கொண்டாரப் போறான்னு தெரியல. பேரை மட்டும் எழுதி வச்சிருக்கேன், பொருளை அவன் வந்ததும் எழுதிக்கலாம்."

தாமரை வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கொல்லைப்பக்கம் போய், தன்னைத்தானே திட்டிக்கொண்டு அழுதாள். முப்பத்தேழு பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற டீச்சருக்கு, ஒரு மனிதரை உட்காரவைத்து ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

"நீ வேணாம்டி" என்றாள் தையல்நாயகி. "நான் மறைச்சது. நான்தான் சொல்லணும்."

மணி ஒன்றே கால். அவள் முகம் கழுவிக்கொண்டு, மாத்திரை டப்பாவையும் ஒரு டம்ளர் மோரையும் எடுத்துக்கொண்டு போனாள். தாமரை கதவோரத்தில் நின்றாள்.

"ஏங்க, உக்காருங்க."

ஆச்சரியமாக, அவர் உட்கார்ந்தார். மோரையும் குடித்தார். மாத்திரையையும் போட்டுக்கொண்டார். இந்த வீட்டில் யார் சொல்லையாவது அவர் கேட்பார் என்றால் அது தையல்நாயகியின் சொல்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. நெஞ்சைக் கெட்டியா வச்சுக்கணும்."

"என்னாது இது, பீடிகையெல்லாம் போடுற? இறால் கெடைக்கலியா?"

"சின்னவரு..."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெட்சிணாமூர்த்தியும் கண் கலங்கிவிட்டார். மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அட, எதுக்கு அழுவுற? எனக்கும் அப்படித்தான் இருக்கு. எனக்குத் தம்பின்னா உனக்குப் புள்ள. தூக்குச்சட்டியில சோறு கட்டிக் குடுத்து நீதானே பள்ளிக்கோடத்துக்கு அனுப்புன. கண்ணைத் தொடச்சுக்க. வர்ற நேரத்துல அழுவக் கூடாது."

"அது இல்லங்க. கேளுங்க. அவரு சித்திரை மாசமே..."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை.

"வந்துட்டான்!"

பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார்.

* * *

தாமரை ஓடினாள். அப்பாவை முந்த முடியவில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர் அவ்வளவு வேகமாகப் போவார் என்று யார் கண்டார்கள்?

காரின் பின்கதவு திறந்தது. இனியா இறங்கினாள். வெள்ளைச் சட்டை, வாராத தலை, கண்ணெல்லாம் சிவப்பு. மார்போடு அணைத்தபடி ஒரு மரப்பெட்டி.

"வாம்மா, வாம்மா!" தெட்சிணாமூர்த்தி இரண்டு கையையும் நீட்டினார். "குடு, குடு. இதுதானா? இதைத்தான் கொண்டாந்தீங்களா?"

இனியா அவருடைய நீட்டிய கைகளைப் பார்த்தாள். கலங்கிய கண்களைப் பார்த்தாள். பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான்கு மாதமாகத் தனியாகச் சுமந்ததை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்துவிட்டார் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள்.

"ஆமா பெரியப்பா" என்று பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, நில்லுங்க!" என்று தாமரை கத்தினாள்.

"இரு, இரு" என்றார் அவர். "கனமாத்தான் இருக்கு."

அவர் நிற்கவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, வெளியே மரத்தில்தான் கட்டி வைக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெட்சிணாமூர்த்தி தன் தம்பியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். தேய்த்து வைத்த குத்துவிளக்கைத் தாண்டினார். காலியாக இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளே மரப்பெட்டியை வைத்து, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். ஒரு ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"இப்போதைக்கு இருக்கட்டும். அவன் வந்து அவன் கையால எடுத்து மறுபடி வைக்கட்டும். சட்டம்னா சட்டம்தான்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையின் மேல் குனிந்தார். "பொருளுன்னு என்ன எழுதுறது? எங்கம்மா உங்கப்பன்? கார்லயே உக்காந்திருக்கானா? வரச் சொல்லு அவனை."

இனியா மெல்லத் திரும்பித் தாமரையைப் பார்த்தாள். 'தெரிஞ்சிருக்கும்னு சொன்னீங்களே அக்கா' என்று அந்தப் பார்வை கேட்டது. தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏம்மா, கேக்குறேன்ல? எங்க அவன்?"

இனியாவின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. பிரெஞ்சிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. நான்கு மாதமாகப் பெரியப்பா எது கேட்டாலும் அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

தெட்சிணாமூர்த்தி சிரித்தபடிதான் அதைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லாமல் போனது. சட்டைப் பைக்குள்ளிருந்த போனை எடுத்தார். வரிசையாக வந்திருந்த கும்பிடுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து எதிரே கூப்பியிருந்த கையைப் பார்த்தார். கடைசியாகத் திரும்பி, தான் வைத்த பெட்டியைப் பார்த்தார்.

பேனா கீழே விழுந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தையல்நாயகியிடம் அவர் திரும்பினார். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட மனைவியை 'டி' போட்டுப் பேசாத மனிதர்.

"எத்தினி நாளாடி?"